பென்னிகுக் கதையும் பெரியாற்றுத் தண்ணீரும்

கம்பம் பள்ளத்தாக்கின் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்குப் பிரசங்கிக்க அழைக்கப்படுகிறவர்கள் ஒரு கதையைத் தவறாமல் சொல்லுகின்றனர். கர்னல் ஜான் பென்னிகுக் என்னும் ஆங்கிலப் பொறியாளர் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டத் தொடங்கினார்; பாதி கட்டிய அணையைக் காட்டு வெள்ளம் அடித்துச் சென்றது; இனிப் பணம் தருவதற்கில்லை என்று சென்னை அரசாங்கம் கைவிரித்தது; அவரோ இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்று, தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று, அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்பது கதை. பிரசங்கியார் இந்த இடத்திற்கு வரும்பொழுது சபையாரின் கண்கள் கலங்குகின்றன. பிறகு எடுக்கப்படும் காணிக்கையும் அன்றைக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது எனலாம்.

நாமும் இக்கதையைச் சொல்லியிருக்கிறோம். ஒருமுறை அன்று, பலமுறை. ஆகையால் இக்கட்டுரையை மற்றவர் மீது எறியும் கல்லாக வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்மையில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் பயிற்சிப் பிரசங்கமொன்றில் இதே கதையைச் சொல்லி, அதிலிருந்து ஒரு முடிவையும் எடுத்துரைத்தார். அரசாங்கம் கைவிட்டதை ஒரு தனிமனிதர் செய்து முடித்தார்; எனவே தண்ணீர், மின்சாரம், பேருந்து, மருத்துவம் ஆகியவற்றை அரசின் கையிலிருந்து எடுத்து, பொறுப்புள்ள தனியாரிடம் ஒப்படைப்பதே உக்கிராணத்துவம் என்றார். பிரசங்கம் நன்றாக அமைந்திருந்தது. உடன் மாணவர் பலர் தலையசைத்தனர். நாமும் மதிப்பெண் குறைக்கவில்லை. ஆயினும் அன்றிரவு நெடுநேரம் அம்முடிவு நம்மை உறுத்திக்கொண்டேயிருந்தது. கதை எவ்வளவு தூரம் மெய், அம்முடிவு கதையிலிருந்தாவது பிறக்கிறதா என்னும் இரண்டையும் இங்கே ஆராய முற்படுகிறோம்.

முதலாவது வரலாறு. மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பென்னிகுக் அவர்களுக்கு முன்னரே தோன்றியதாகும். 1789 ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்தார். பணம் போதாமையால் அது நின்றது. 1808 இல் இவ்விடத்தைப் பார்வையிட்ட காப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் இது வெறுங் கனவென்று எழுதி ஒதுக்கினார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பிறகே அரசாங்கம் மெய்யாகக் கண் திறந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது. 8000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. 1887 இல் வேலை தொடங்கி 1895 இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தினால் அணை எழும்பியது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் கூடுதலான நீளத்தில் சுரங்கம் வெட்டப்பட்டு, தண்ணீர் இப்பக்கம் இறக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் வெள்ளம் வேலையை அடித்துச் சென்றதும் உண்மையே. மலைக்காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர் மாண்டதும் உண்மையே.

ஆனால் சொத்து விற்ற செய்திக்கு மட்டும் ஆவணச் சான்று எதுவும் காட்டப்படவில்லை என்று வரலாற்று ஆய்வாளர் சொல்லுகின்றனர். அணையும் சுரங்கமும் வாய்க்கால்களும் சென்னை அரசாங்கத்தின் பொதுப்பணித்துறைக் கணக்கில், அரசாங்கப் பணத்தில், அரசாங்கச் சம்பளம் பெற்ற பொறியாளர்களால் கட்டப்பட்டவை. பென்னிகுக் அவர்களின் பெருமை இதனால் குறைவதில்லை. காட்டானையும் காய்ச்சலும் நிறைந்த காட்டிலே ஆண்டுக்கணக்கில் கூடாரமடித்து, இடிந்ததை மீண்டும் கட்டிய உறுதி எந்த மனிதனிடத்திலும் போற்றத்தக்கதே. பாலார்பட்டி மக்கள் ஆண்டுதோறும் அவர் பெயரால் பொங்கலிடுவதையோ, லோயர் கேம்ப்பில் 2013 இல் மணிமண்டபம் திறக்கப்பட்டதையோ, தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குவதையோ நாம் குறை கூறவில்லை. நன்றி மறவாத மக்கள் இம்மக்கள். நாம் கேட்பது வேறு. மெய்யாகவே செய்த வேலை இவ்வளவு பெரியதாயிருக்க, செய்யாத ஒரு விற்பனையை ஏன் அவர் தலையில் ஏற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுமிடத்து, கதையை விரும்புகிற நம்முடைய மனமே வெளிப்படுகிறது. தன்னுடையதை விற்றுக் கொடுத்த கொடையாளனை வணங்குவது நமக்கு எளிது. வரிப்பணத்தால் வந்த தண்ணீரை உரிமையோடு கேட்பது எளிதன்று. 1895 இல் அந்த மதகு திறந்தபோது பாய்ந்த தண்ணீருக்கு விலை கொடுத்தவர் யார்? மதுரைச் சீமையின் குடியானவன் கொடுத்த நிலவரியும், அதன்பின் அவன் மக்கள் ஏகபோகத்திற்கும் இருபோகத்திற்கும் கட்டிவந்த தீர்வையுமே அந்த விலை. பஞ்சத்தில் மடிந்தவர்களின் ஊர்களே அதைச் செலுத்தின. சுரங்கத்தில் இறங்கி மாண்டவர்களின் பெயரை நாம் பிரசங்கத்தில் சொல்லுவதில்லை; சொல்ல நமக்குத் தெரியாது. கதையிலே அரசாங்கம் கைவிரிக்கிறது, தனிமனிதர் கொடுக்கிறார், மக்கள் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுகின்றனர். வரி கொடுத்தவனும் கல் சுமந்தவளும் கதைக்கு வெளியே நிற்கின்றனர்.

நம் மாணவரின் முடிவு எங்கே வழுக்குகிறது என்பதும் இப்பொழுது விளங்கும். பென்னிகுக் தனியார் அல்லர். அவர் அரசாங்க ஊழியர். அரசுப் பணி எத்தகைய மனிதரையும் எத்தகைய உழைப்பையும் ஈன்றெடுக்கக் கூடும் என்பதற்குச் சான்றாக நிற்க வேண்டியவரை, அரசுப் பணி ஆகாது என்பதற்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றிவிட்டோம்.

அக்காலத்துத் தனியார் முயற்சி எவ்வாறிருந்தது என்பதற்கும் நமது மாகாணத்திலேயே சான்றுண்டு. சர் ஆர்தர் காட்டன் அவர்களின் ஊக்கத்தால் 1858 அளவில் இலண்டனில் பங்குதாரரைச் சேர்த்துச் சென்னைப் பாசனக் கால்வாய்க் கம்பெனி ஒன்று தொடங்கப்பட்டது. கர்நூலிலிருந்து கடப்பைக்குக் கால்வாய் வெட்டுவது அதன் வேலை. பத்து இலட்சம் பவுன் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியை அரசாங்கம் உறுதி செய்து கொடுத்தது. கால்வாய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பங்குதாரருக்கு வட்டி உண்டு; குறைவதை நம் நாட்டு வரிப்பணம் நிரப்பும். நட்டமே மிஞ்சியது. 1882 இல் அரசாங்கமே அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. நான்கே ஆண்டு கழித்துப் பெரியாற்று ஒப்பந்தம் எழுதப்பட்டபொழுது கம்பெனி என்ற பேச்சு இல்லாமல் அரசே நேரில் இறங்கியதை இதன் பின்னணியில் வைத்து நோக்குதல் தகும். இலாபம் தனக்கு, நட்டம் ஊருக்கு என்னும் ஏற்பாடு நமது காலத்துக் கண்டுபிடிப்பு அன்று.

இதுவரை சொன்னதைக் கொண்டு, எல்லாம் அரசின் கையில் இருந்தால் எல்லாம் நலமே என்று நாம் வாதிக்க வருவதாக யாரும் எண்ணலாகாது. அப்படி வாதிக்க நமக்கு முகமில்லை. நாமும் தேனிப் பேருந்து நிலையத்தில் காத்துக்கிடந்தவர்களே. மதுரைப் பக்கத்தில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தின் பேருந்துகள் ஓடிய காலத்தில், அவை வருவதைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொண்டோம் என்று நம் தகப்பன்மார் சொல்லுவர். 1972 இல் அவை நாட்டுடைமையாகி, மதுரையிலே பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியபின் யாரும் பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தவில்லை. 1997 இல் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர் பெயரிட்டது சாதிக் கலவரத்தில் முடியவே, பெயர்களையெல்லாம் அரசு நீக்கியது. பேருந்துக்குப் பெயர் வைப்பதற்காக மனிதர் வெட்டிக்கொண்டு சாகும் நாட்டிலே, பொதுவுடைமை என்பது வெறும் சட்டத்தால் வந்துவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

என்றாலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மதுரையிலிருந்து தேனி வழியாகக் கம்பம் செல்லும் நெடுஞ்சாலையில் தனியார் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன. இருக்கையும் நன்று, பாட்டும் உண்டு. சின்னமனூரிலிருந்து மேகமலைத் தோட்டத் தொழிலாளரிடத்திற்குக் கொண்டையூசி வளைவுகளில் ஏறுவது அரசுப் பேருந்து. பழையது, மழையில் ஒழுகும், ஆயினும் ஏறுகிறது. 2021 மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லுகின்றனர். களையெடுக்கவும் திராட்சை பறிக்கவும் போகின்ற நமது சபைப் பெண்கள் நாட்கூலியில் மிச்சப்படுத்துகிற அந்தப் பணம் என்ன ஆகிறது என்பதை ஆயர்கள் வீடு சந்திக்கும்போது கேட்டறிதல் நன்று. இதை எந்த முதலாளியாலும் செய்ய முடியாது. அவர் கெட்டவர் என்பதால் அன்று. அவருடைய கணக்கிலே அதற்கு இடமில்லை. மலைமேல் ஒரு காலத்தில் கண்ணன் தேவன் கம்பெனியார் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இரயிலும், அங்கிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடப் பாதையும் அமைத்தனர். வியக்கத்தக்க வேலைதான். தேயிலைப் பெட்டிகள் வானத்தில் மிதந்து இறங்கின. மலையில் வாழ்ந்தோர் தலைச்சுமையோடு நடந்தே இறங்கினர்.

ஆகவே அரசு நல்லது, தனியார் தீயது என்றோ, தனியார் திறமைசாலி, அரசு சோம்பேறி என்றோ இரண்டு பெட்டிகளில் அடைத்துவிடக் கூடிய காரியம் அன்று இது. திருமறையும் அப்படி அடைக்கவில்லை. ஆதியாகமம் 47 ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வாசிப்பதில்லை. யோசேப்பின் சரித்திரத்தைக் கனவு, குழி, சிறை, அரண்மனை, சகோதரர் சந்திப்பு என்று சொல்லிக்கொண்டு வந்து, கண்ணீரோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பின் நடப்பதோ நமது தலைப்புக்கு நேரானது. நல்ல வருஷங்களில் குடிகளிடமிருந்து சேர்த்த தானியத்தையே பஞ்சத்தில் குடிகளுக்கு யோசேப்பு விற்கிறான். முதலில் பணம் போகிறது. பிறகு ஆடுமாடு போகிறது. பிறகு நிலம், கடைசியில் அவர்களே பார்வோனுக்கு அடிமைகளாகிறார்கள். உயிர் தப்பினதற்காக நன்றியும் கூறுகிறார்கள். களஞ்சியம் முழுவதும் அரசுடைமை, நிர்வாகம் குறையற்றது, ஊழல் ஒரு மணியளவும் இல்லை. முடிவு அடிமைத்தனம். அடுத்த புத்தகத்தின் தொடக்கத்தில் யோசேப்பின் சொந்த ஜனமே அந்த அரசின் செங்கற்சூளைகளில் நிற்கிறது. அரசுடைமை தானாகவே பொதுவுடைமை ஆகிவிடும் என்று எண்ணுவோர் இந்த அதிகாரத்தை இரண்டு முறை வாசித்தல் தகும்.

நம்மைப் போன்றோர் மூன்றாம் முறையும் வாசிக்க வேண்டும். ஏனெனில் ஆசாரியர்களின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை என்று ஆசிரியர் குறித்திருக்கிறார். அவர்களுக்கு அரண்மனையிலிருந்து படி அளக்கப்பட்டு வந்தது. நாடு முழுவதும் நிலமிழந்து நின்றபோது வயிறும் நிலமும் குறையாமல் இருந்தவர்கள் மதகுருமார். இந்த வசனத்தின்மேல் ஒரு பிரசங்கத்தையும் நாம் கேட்டதில்லை.

எதிர்ப்பக்கத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டம் இருக்கிறது. அங்கே சிறு உடைமை அரசின் ஆசைக்கு எதிராக நிற்கிறது. தீர்க்கதரிசி உடைமையாளன் பக்கம் நிற்கிறார். கேராரின் மேய்ப்பர்களோடு ஈசாக்கின் வேலைக்காரர் கிணறுகளுக்காக வழக்காடுகிற அதிகாரத்திலோ, ஒவ்வொரு கிணற்றுக்கும் சண்டையின் பெயரே வைக்கப்படுகிறது. சண்டையில்லாத மூன்றாம் கிணற்றுக்குத்தான் இடமுண்டாயிற்று என்று பொருள்படும் ரெகொபோத் என்னும் பெயர். புலம்பலின் ஐந்தாம் அதிகாரத்தில், தங்கள் சொந்தத் தண்ணீருக்குப் பணம் கொடுக்க நேர்ந்ததை எருசலேம் ஓர் அவமானமாகவே எண்ணி அழுகிறது. யார் உடைமையாளன் என்பதைவிட, யார் விலக்கப்படுகிறான் என்பதையே திருமறை கூர்ந்து நோக்குவதாக நமக்குத் தோன்றுகிறது.

இந்த நோக்கோடு நம் நாட்டு வரலாற்றைப் பார்த்தால், பொது என்னும் சொல்லின் கனம் விளங்கும். 1924 இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்கு எவ்விதத் தடையும் இருத்தலாகாது என்பது அதன் பொருள். மூன்றாண்டு கழித்து, 1927 இல் டாக்டர் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். எதிர்த்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனபொழுது எடுத்துக்கொண்ட வாதம் எது? குளம் நகரசபைக்குச் சொந்தமன்று. எங்கள் தனியுடைமை என்பதே. பத்தாண்டு நடந்த வழக்கில் 1937 இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. தனியுடைமை என்று தீர்ப்பாகியிருந்தால், சுற்றுச்சுவர் ஒன்று எழுப்பி, ஒரு சாதியைச் சட்டப்படியே வெளியே நிறுத்தியிருக்கலாம். உடைமை பற்றிய வாதம் நூல்நிலையத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குப் பொருளாதாரமாக இருக்கலாம். குடத்தோடு நிற்பவளுக்கு அது வேறு.

குடிமராமத்து முறையைப் புகழ்ந்து, அரசும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம், ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லுகிற நண்பர்களுக்கும் இதையே நினைவூட்டுகிறோம். கண்மாயின் மடையைத் திறந்தவனும் இரவெல்லாம் வாய்க்காலில் நின்று நீர் பாய்ச்சியவனும் பெரும்பாலும் நிலமில்லாத தாழ்த்தப்பட்டவன். ஊர்க் கிணற்றில் அவன் வாளி இறங்கவில்லை. ஊர் என்று சொல்லும்போது அதில் சேரி சேர்ந்ததா என்று கேட்காமல் ஊரின் பொதுவை நாம் ஏற்க இயலாது.

இனி, இன்றைய பள்ளத்தாக்குக்கு வருவோம். 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கு வாய்க்கால் வழியாகப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிறது என்பது கணக்கு. ஆற்றங்கரையில் நடந்து பார்ப்பவன் வேறொரு கணக்கையும் காண்பான். கரையோரமாகச் சிறு துண்டு நிலத்தை வாங்கி, அதிலே கிணறு தோண்டி, ஆற்றின் ஊற்றையே மோட்டார் வைத்து இழுத்து, மைல் கணக்கான தூரத்திற்குக் குழாய் பதித்துத் தென்னந்தோப்புகளுக்குக் கொண்டுபோகின்றனர். இதைப் பற்றி உழவர் சங்கங்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றன. இங்கே நடப்பதைச் சற்று உற்று நோக்குங்கள். ஆற்று நீர் அரசினுடையது. 1990 அளவில் உழவர் எல்லாருக்கும் என்று அளிக்கப்பட்டு இன்றும் தொடரும் இலவச மின்சாரமும் அரசினுடையது. அம்மின்சாரத்தில் ஒரு பகுதி, 1950களின் இறுதியிலிருந்து லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இதே தண்ணீர் விழுந்து உண்டாக்குவது. தண்ணீர் தன்னையே இறைப்பதற்கு மின்சாரம் தருகிறது. தோப்பு மட்டும் தனியாருடையது. எந்தச் சட்டமன்றமும் கூடி இதைத் தனியார்மயம் என்று அறிவிக்கவில்லை. ஓசையில்லாமல், இரவிலே, குழாய் பதித்து நடக்கிறது. தனியார்மயம் என்றவுடன் நாம் பன்னாட்டுக் கம்பெனியையே நினைக்கிறோம். அது பக்கத்து நிலத்துக்காரராக, நமது சபையில் முன் இருக்கையில் அமர்பவராகவும் இருக்கலாம்.

பன்னாட்டுக் கம்பெனியும் வராமலில்லை. பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் தண்ணீரைத் தனியார் குழுமத்திடம் ஒப்படைத்தனர். கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியது. 2000 ஆம் ஆண்டில் மக்கள் தெருவில் இறங்கி ஒப்பந்தத்தை முறித்தனர். அதே நாடு முன்மொழிய, 2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தண்ணீரை மனித உரிமை என்று ஏற்றது. நமக்கருகில், 2018 இல் கோயம்புத்தூர் மாநகராட்சி தன் குடிநீர் விநியோகத்திற்காகப் பிரெஞ்சு நாட்டுச் சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. குழாய் நகரசபையுடையதே என்றும், கட்டணத்தை நகரசபையே முடிவு செய்யும் என்றும் சொல்லப்பட்டது. அப்படியே ஆகட்டும். ஆனால் கவுன்சிலரைத் தேர்தலில் தோற்கடிக்கலாம். 26 ஆண்டு ஒப்பந்தத்தை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

அரசே வியாபாரி ஆனால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2003 இன் இறுதியில் மதுவின் சில்லறை விற்பனையைத் தனியாரிடமிருந்து எடுத்து அரசு தன் கைக்குள் வைத்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 2013 இல், பேருந்து நிலையங்களில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்து ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. தனியார் விலையைவிடக் குறைவுதான். ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் தருவது அரசின் கடமை என்னும் நினைவு அந்தப் பத்து ரூபாயோடு கரைந்துபோகிறது. இன்று மலையடிவாரத்து ஊர்களிலும், சுருளி அருவிக்குக் கூப்பிடு தூரத்திலும், மக்கள் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். நமது இறைமக்கள் மன்றக் கூட்டங்களிலும் சிறு பிளாஸ்டிக் புட்டிகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. சூழலியல் இறையியலைப் பற்றிய கருத்தரங்கிலும் வைத்திருந்தனர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்குக் குழாய் வழியாகக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபொழுது, கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் எதிர்த்தனர். ஆற்றில் விட்டால் எங்கள் வழியாகப் போகட்டும். குழாயில் அடைத்தால் ஆறு வற்றும் என்றனர். மதுரையின் தாகமும் பொது; உழவரின் பாசனமும் பொது. கேரளத்தார் அணையின் பாதுகாப்பு என்று சொல்லுகிறதும் பொதுவே. 1979 இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2014 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபின்னும் அந்தப் பயம் அங்கே தீரவில்லை. பொதுவுக்கும் பொதுவுக்கும் வழக்கு வரும்போது சொந்தக்காரன் யார் என்னும் கேள்வி உதவாது. அணைக்கு இக்கரையில் உள்ள சபையும் அக்கரையில் உள்ள சபையும் ஒரே தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவை. இவை ஒருமுறையாவது ஒன்றாக உட்கார்ந்து இதைப் பேசுவதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

இறுதியாக, நம்மைப் பற்றி. அரசா தனியாரா என்னும் விவாதத்தில் திருச்சபை நடுவர் இடத்தில் உட்கார முயல்கிறது. நாம் நடுவர் அல்லோம். வழக்கில் ஒரு கட்சி. அமெரிக்க மதுரை மிஷன் பெரியகுளத்திலும் வத்தலக்குண்டிலும் நிலையங்களை நிறுவிப் பள்ளிகளைத் தொடங்கிய நாள் தொட்டு, நாம் அத்தியாவசிய சேவையொன்றின் தனியார் உடைமையாளர். 1854 க்குப் பின் வந்த மானிய முறையால் சம்பளத்தை அரசு தருகிறது. நியமனத்தை நாம் செய்கிறோம். அரசு தராத இடத்தில் ஏழைக்குக் கல்வி கொடுத்தோம் என்பது நம் பெருமை. அது மெய்யும் ஆகும். 1984 க்குப் பின் சுயநிதிக் கல்லூரிகள் பெருகியபொழுது, ஏழைக்குக் கொடுத்தோம் என்ற அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே நாமும் கட்டணம் வாங்கும் வரிசையில் போய் நின்றோம். சிறுபான்மையினர் உரிமை என்னும் சட்டப் பாதுகாப்பு ஒடுக்கப்பட்டோரின் அரணாக வந்தது. ஆசாரியரின் நிலமாக அது மாறியிருக்கிறதா என்று கேட்பதற்கு ஆதியாகமம் 47 நமக்கு உரிமை தருகிறது. மாணவர்கள் இதை எங்களிடம் கேட்க வேண்டும். கேட்டால் மதிப்பெண் குறையும் என்று அஞ்ச வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் மழை பொய்த்த ஒரு கோடையில், பள்ளத்தாக்கின் ஒரு குருசேகரத்தில் நாம் பொறுப்பு வகித்தோம். ஆலய வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது, நல்ல தண்ணீர். தெருக்குழாய் வறண்டபின் ஊரார் குடங்களோடு வந்தனர். முதல் வாரம் எல்லாரும் பிடித்தனர். இரண்டாம் வாரம் குருசேகரக் குழு கூடியது. மோட்டார் கெட்டுப்போகும், மின்கட்டணம் யார் கட்டுவது, நம் மக்களுக்கே நாளைக்கு இல்லாமற் போகும் என்று பேசினர். எல்லாம் நியாயமான பேச்சு. யாரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. சபையாருக்குக் காலையில் ஒரு மணி நேரம். மற்ற நேரம் வெளிவாசலுக்குப் பூட்டு என்று முடிவாயிற்று. தீர்மானத்தில் முதற் கையெழுத்து நம்முடையது.

மறுநாள் காலை பூட்டிய வாசலுக்கு வெளியே வழக்கம்போலக் குடங்கள் வரிசையாக இருந்தன. சேரியிலிருந்து வரும் ஒரு மூதாட்டி வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, இது சாமி கெணறா, ஒங்க கெணறா?” என்று கேட்டார். சினந்து கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டதாகத் தோன்றியது. சாவி குழுச் செயலாளரிடம் இருக்கிறது என்று பதில் சொன்னோம். அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகையிலும் பென்னிகுக் கதையைத்தான் நாம் பிரசங்கித்தோம்.